கத்திரி வெயிலில் ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் சூடேறாமல் ஓட்டுவது எப்படி?

சித்திரை பிறந்தால் கார் வைத்திருப்பவர்கள் ஏ.சி. கேஸ் பார்ப்பார்கள், டயரில் காற்று பார்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் கூலன்ட்டும் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் பக்கம் யாரும் போவதில்லை. மேனுவல் காரில் அந்த அலட்சியம் செல்லும். ஆட்டோமேட்டிக்கில் செல்லாது. கிளட்ச் ஓவர்ஹீட் ஆகி நடுரோட்டில் நின்ற கார்களை மே மாதத்தில் மலைப்பாதைகளிலும் டோல்கேட் வரிசைகளிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். கியர்பாக்ஸே போய்விட்டால் செலவு லட்சங்களில் வரும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெயிலில் நிறுத்தி வைப்பதால் கியர்பாக்ஸ் கெடாது. நிழல் தேடி அலைவது உங்கள் டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் நல்லது, அவ்வளவுதான். ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸில் ஓடும் ஆயில் சாதாரண நாளிலேயே 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் வேலை செய்கிறது. வெளியே 42 டிகிரி அடிப்பது அதற்கு ஒரு சூடே இல்லை. கியர்பாக்ஸைக் கொதிக்க வைப்பது உள்ளே நடக்கும் வழுக்கல்: எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்ற, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் வேறு வேகத்தில் சுற்ற, இடையில் தொலையும் சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது.

அப்படியானால் வெயிலுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. சூடு வெளியேறும் வழியை அது குறுக்கிவிடுகிறது. ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் 90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று 25 டிகிரியாக இருக்கும் மார்கழியில் இரண்டுக்கும் வித்தியாசம் 65 டிகிரி. 42 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் வித்தியாசம் 48தான். காற்றுக்குப் போகும் சூடு ஏறக்குறைய இந்த வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் இருக்கும் என்பதால், அதே ரேடியேட்டர் கால் பங்கு திறனை இழந்துவிடுகிறது. ஏ.சி. போட்டிருந்தால் முன்னால் நிற்கும் கண்டென்சர் தன் சூட்டையும் அந்தக் காற்றில் சேர்த்துத்தான் பின்னால் அனுப்பும். தார் ரோட்டின் அனல் வேறு. ஆக, மார்கழியில் தாங்கிய அதே டிராஃபிக் ஜாமை மே மாதத்தில் கியர்பாக்ஸ் தாங்காமல் போகலாம்.

வெயிலைக் குறைக்க நம்மால் ஆகாது. வழுக்கலைக் குறைக்கலாம், சூடு போகும் வழியைச் சுத்தமாக வைக்கலாம். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடக்கம்.

படி 1: உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு வகைக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொரு வகைக்குப் பொருந்தாது. யூடியூபில் வரும் அறிவுரைகளில் பாதி குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏ.எம்.டி. என்பது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் செய்கிறது. 2014-ல் செலேரியோவில் வந்து இந்தியாவில் பரவியது; மாருதி இதை ஏ.ஜி.எஸ். என்கிறது. இதில் சூடாவது கிளட்ச் பிளேட். கியர் ஆயிலைக் குளிர்விக்கத் தனி கூலர் கிடையாது, தேவையும் இல்லை.

டார்க் கன்வெர்ட்டர் தான் பழைய, அசல் ஆட்டோமேட்டிக். இன்னோவா கிரிஸ்டா டீசல், எர்டிகா, பிரெஸா போன்றவற்றின் 6 ஸ்பீடு இந்த ரகம். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இரும்புப் பிணைப்பு இல்லாமல், ஆயில் வழியாகத்தான் விசை போகிறது. ஓரளவு வேகம் எடுத்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். பூட்டிய பிறகு வழுக்கல் இல்லை, சூடும் மிகக் குறைவு. பூட்டாத நேரம் முழுக்கச் சூடு. ஊர்ந்து போகும் டிராஃபிக்கும் மலையேற்றமும் இதற்குக் கஷ்டம் என்பதன் காரணம் இதுதான்.

சி.வி.டி. ஹோண்டா சிட்டி, அமேஸ் போன்றவற்றில் இருப்பது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட். பெல்ட் வழுக்காமல் இறுக்கிப் பிடிக்க ஆயில் அழுத்தம் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு சூடு. மற்ற வகைகள் நகரத்தில் திணறும் என்றால், இது நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டினாலும் திணறும்.

கடைசியாக டூயல் கிளட்ச், சுருக்கமாக டி.சி.டி. இதில் உலர் கிளட்ச், ஆயிலில் மூழ்கிய கிளட்ச் என்று இரண்டு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 7 ஸ்பீடு டி.க்யூ.200, ஹூண்டாய் வென்யூ டர்போவின் 7 ஸ்பீடு டி.சி.டி. ஆகியவை உலர் ரகம். 2022-ல் டாடா அல்ட்ராஸில் வந்த டி.சி.ஏ., ஆயிலில் மூழ்கிய ரகம். மூழ்கிய கிளட்சின் சூட்டை ஆயில் எடுத்துச் சென்று கூலரில் விடும். உலர் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. தானாக ஆறினால்தான் உண்டு.

ஒரே காரில்கூட வகை மாறும். விர்டஸ், டைகன், ஸ்லாவியா, குஷாக் நான்கும் அறிமுகமானபோது 1.0 லிட்டரில் டார்க் கன்வெர்ட்டரும் 1.5 லிட்டரில் உலர் டூயல் கிளட்சும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் அதே காரை வைத்திருந்தாலும் ஓட்டும் முறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள், அல்லது சர்வீஸ் அட்வைசரிடம் "டார்க் கன்வெர்ட்டரா, டி.சி.டி.யா, டி.சி.டி. என்றால் டிரையா, வெட்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஹைகிராஸ், ஹைரைடர் போன்ற ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் உள்ள 'இ-சி.வி.டி.' பெயரளவில்தான் சி.வி.டி. அதில் பெல்ட்டும் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் சீட் அருகே உள்ள பேட்டரி காற்றுத் துவாரத்தைப் பை, துணி வைத்து அடைக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

படி 2: காரின் முகத்தைக் கழுவுங்கள்

பங்குனி மாதத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை. செலவு அநேகமாக இல்லை. ஆனால் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதற்குத்தான் போட்ட காசுக்குப் பலன் அதிகம்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல்கடை இடைவெளியில் எட்டிப் பாருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு உட்காருவது அந்த இடைவெளியில். செத்த பூச்சி, மரத்துப் பஞ்சு, காய்ந்த இலை, பிளாஸ்டிக் கவர்த் துண்டு, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் எண்ணெய் கலந்த புழுதி. ஐந்து வருடம் ஓடிய காரில் கீழ்ப் பாதி அடைத்துப்போய்க் கம்பளி மாதிரி இருக்கும். பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ரேடியேட்டரின் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அல்லது கூலன்ட் ஓடும் ஒரு சிறிய பெட்டியாகக் கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எப்படியானாலும் ரேடியேட்டர் ஆறினால்தான் கியர்பாக்ஸ் ஆறும்.

கழுவும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே தள்ளும்படி, தோட்டத்துக் குழாயில் வரும் சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் தடுத்துவிடுங்கள். மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கிப்போனால் அந்த இடத்தில் காற்றே போகாது.

முகத்தை அடைக்கும் அலங்காரங்களையும் அகற்றுங்கள். கிரில்லுக்கு நடுவே பதித்த எக்ஸ்ட்ரா லைட், கட்சிக் கொடிக் கம்பி, பெரிய பெயர்ப் பலகை எல்லாம் காற்றைத் தடுப்பவைதான். முன்னால் மாட்டும் இரும்பு கார்டுகளை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. பூச்சி வராமல் இருக்க கிரில்லுக்குப் பின்னால் கொசுவலை கட்டுகிறார்கள். பூச்சி வராது, காற்றும் பாதிதான் வரும்.

அப்படியே ஃபேனையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் பல கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். பெரும்பாலான ஃபேன்களுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் போய்விட்டால், மெல்லச் சுற்ற வேண்டிய நேரத்தில் ஃபேன் சும்மா நிற்கும், சூடு எகிறிய பிறகு இரைச்சலோடு முழு வேகத்தில் கிளம்பும். சிக்னலில் நின்றால் ஏ.சி. காற்று சூடாகிறது, வண்டி நகர்ந்தால் குளிர்கிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும்.

படி 3: கூலன்ட்

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட்டை, ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே, கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். அழுத்தம் நின்றால்தான் கூலன்ட்டின் கொதிநிலை உயரும்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள் இருக்கும் கார்களில், துருப்பிடித்து உள்சுவர் ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் நுரை தெரியும். அதைப் பார்த்தால் காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கூலன்ட்டில் இருந்து ஆயிலில் கலந்த தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருளைப் பெயர்த்துவிடும். பழைய காரில் சுத்தமான கூலன்ட்டை நேரத்துக்கு மாற்றுவது இந்த விபத்தைத் தடுக்கிறது. இரண்டு ஆயிரத்தை மிச்சம் பிடித்து இரண்டு லட்சத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படி 4: கியர்பாக்ஸ் ஆயில்

"லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்." இதை எத்தனையோ சர்வீஸ் சென்டர்களில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யாருடைய லைஃப் என்பதுதான் கேள்வி. மேனுவலை எடுத்து 'சிவியர் கண்டிஷன்' என்ற பக்கத்தைத் திருப்புங்கள். அடிக்கடி நின்று நின்று போகும் டிராஃபிக், கடும் வெயில், புழுதி, மலைப்பாதை, முழு பாரம் என்று பட்டியல் இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ ஓடும் காருக்கு அந்தப் பட்டியலில் பொருந்தாத வரி ஒன்றிரண்டுதான் தேறும். நமக்கு அதுதான் சாதாரண ஓட்டம்.

ஆயில் ஏன் கெடுகிறது? கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 115 டிகிரியைத் தாண்டினால் வார்னிஷ் போல ஒரு படிவம் உருவாகி வால்வுகளில் ஒட்டும். 125, 130-ல் ரப்பர் சீல்கள் விறைக்கும். அதற்கும் மேலே போனால் கிளட்ச் பிளேட்டே வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. அந்தச் சுழலில் மாட்டினால் கியர்பாக்ஸ் சீக்கிரமே முடிந்துவிடும்.

என் கணக்கு: டார்க் கன்வெர்ட்டருக்கு 60,000 கிலோமீட்டருக்குள், சி.வி.டி.க்கு 40,000 முதல் 50,000-க்குள் மாற்றிவிடுவது நம் வெயிலுக்கு நல்லது. உங்கள் மேனுவல் இதைவிடச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் மேனுவல் சொல்வதையே கேளுங்கள்.

ஆயிலின் ரகத்தில் சமரசம் வேண்டாம். டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்., ஹூண்டாயின் 6 ஸ்பீடுக்கு எஸ்.பி.-4, ஹோண்டா சி.வி.டி.க்கு ஹெச்.சி.எஃப்.-2, நிஸான் சி.வி.டி.க்கு என்.எஸ்.-3 என்று ஒவ்வொன்றும் தனித்தனி. 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் போடலாம்' என்று எழுதிய டப்பாவை, அதிலும் சி.வி.டி.யில், ஊற்றாதீர்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலில் எஃகு பெல்ட்டுக்குத் தேவையான பிடிமானம் கிடைக்காது. பெல்ட் புல்லியைச் சுரண்டிவிடும்.

ஆயில் ரகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் 2013-ல் நடந்தது. ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி.யில் (அந்தக் கம்பெனி தன் டூயல் கிளட்சுக்கு வைத்த பெயர்) இருந்த சிந்தடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் ஓடிய கார்களில் அந்த சிந்தடிக் ஆயிலால் மின் இணைப்பில் கோளாறு வந்ததுதான் காரணம். உயர்ந்த ஆயில் என்றால் சிந்தடிக் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றும் முறையைப் பொறுத்தவரை, கீழே போல்ட்டைக் கழற்றி வடித்து, வடிந்த அளவுக்கே புதிதாக ஊற்றும் முறைதான் என் ஓட்டு. ஒரு தடவை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வரும்; மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஒருமுறைகூட மாற்றாத பெட்டிக்கு மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓரமாய் ஒதுங்கிக் கிடந்த கசடு பெயர்ந்து வால்வில் போய் அடைக்கும்.

வடிந்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். சிவந்த ஆயில் கொஞ்சம் மங்கியிருந்தால் பயமில்லை. கரும்பழுப்பாகி, நடுவில் கறுப்புப் புள்ளி தங்கி, கருகிய வாடை அடித்தால் உள்ளே பிளேட் வெந்திருக்கிறது. போல்ட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சகஜம். விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் சகஜமில்லை.

அளவு பார்ப்பதில்தான் நிறைய ஒர்க்‌ஷாப்கள் கோட்டை விடுகின்றன. இன்றைய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. காரை மட்டமாகத் தூக்கி, எஞ்சின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் லெவல் போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பல மாடல்களில் அந்தச் சூடு 40 டிகிரிக்கு அக்கம்பக்கம். வெயிலில் ஓடி வந்த காரை உடனே ஏற்றி, 80 டிகிரி ஆயிலில் அளவு பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்துவிடும், கடைசியில் அளவு குறைவாகத்தான் நிற்கும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் நுரைக்கும். இரண்டிலும் சூடு ஏறும். காலையில் முதல் வண்டியாக விடுங்கள், ஸ்கேனர் மாட்டி ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

படி 5: டிராஃபிக்கில் ஓட்டும் முறை

வழுக்கலைக் குறைப்பது முழுக்க முழுக்க உங்கள் காலில் இருக்கிறது. நீண்ட விடுமுறை முடிந்து ஊரிலிருந்து சென்னை திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பரனூர் டோல்கேட்டுக்கு முன்னால் ஊரும் வரிசையை எடுத்துக்கொள்வோம்.

முன் கார் இரண்டடி நகர்ந்ததும் நீங்களும் இரண்டடி நகர்வது மிக மோசமான பழக்கம், குறிப்பாக ஏ.எம்.டி., உலர் டூயல் கிளட்ச் இரண்டிலும். பிரேக்கைப் பாதி விட்டுக் காரை இஞ்ச் இஞ்சாக ஊர விடும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை, உரசிக்கொண்டே இருக்கிறது. பதிலாக, பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள். அப்போது கிளட்ச் முழுக்க விலகி ஆறும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும். விழுந்ததும் பிரேக்கை முழுக்க விட்டு, தேவைப்பட்டால் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஒரே மூச்சில் போய் மீண்டும் நன்றாக நில்லுங்கள். இடைவெளி விட்டால் நடுவே ஷேர் ஆட்டோ நுழையும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், கிளட்ச் மாற்றும் பில்லை அவர்கள் கட்டப்போவதில்லை. ஆட்டோ ஹோல்ட் பட்டன் இருந்தால் போட்டுவிடுங்கள். கால் சலித்துப் பிரேக் பாதியில் நிற்கும் பிரச்சினை தீர்ந்தது.

டார்க் கன்வெர்ட்டரிலும் இடைவெளி விட்டு ஓட்டுவது நல்லதுதான். இதில் இன்னொரு கேள்வி வரும்: சிக்னலில் 'டி'-யிலேயே (டிரைவ்) விடலாமா, 'என்'-க்கு (நியூட்ரல்) மாற்றலாமா? இருபது முப்பது நொடி நின்றால் டி-யிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் என்-க்குப் போய் டி-க்கு வந்தால் உள்ளே கிளட்ச் பேக் மறுபடி பிடிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்த சிக்னலில், ரயில்வே கேட்டில், கொளுத்தும் மதியத்தில் என்-ல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். டி-யில் பிரேக் மிதித்து நின்றால் கன்வெர்ட்டர் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும், காற்றோட்டமும் இருக்காது. புதிய மாடல்கள் சில இந்த வேலையைத் தாமாகவே செய்துவிடுகின்றன.

மேம்பால ஏற்றத்தில் மாட்டினால் செய்யக்கூடாத ஒன்றுண்டு: ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக் கார் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துவது. எந்த வகையானாலும் தப்பு. உலர் கிளட்சில் ஒரு சில நிமிடத்திலேயே எச்சரிக்கை வந்துவிடும். பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக்கிலோதான் காரைப் பிடிக்க வேண்டும். மால் பேஸ்மென்ட்டின் செங்குத்து ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதும் இதே ரகம். முன்னே பின்னே என்று பத்துத் தடவை ஆட்டாமல், யாரையாவது இறங்கிப் பார்க்கச் சொல்லி இரண்டு தடவையில் முடித்துவிடுங்கள்.

இடது காலால் பிரேக் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தெரியாமல் இரண்டு பெடலும் ஒன்றாக அழுத்தப்படும்.

படி 6: மலையேற்றம்

ஏற்காடுக்கு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. மே மாதத்தில் குடும்பமே குளிர்ச்சி தேடி மேலே போகும்போது கியர்பாக்ஸுக்கு வருடத்தின் மிகக் கடினமான நாள். டிக்கி நிறைய லக்கேஜ், ஏழு பேர், மேலே கேரியர் என்றால் இன்னும் மோசம்.

டி-யிலேயே விட்டால் கியர்பாக்ஸ் மைலேஜுக்காக மேல் கியருக்குத் தாவும், இழுக்கவில்லை என்று கீழே இறங்கும், மறுபடி தாவும். ஒவ்வொரு மாற்றத்திலும் லாக்-அப் விடுபட்டுச் சூடு ஏறும். மேனுவல் மோடில் போட்டு இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் பிடித்து ஓட்டுங்கள். சி.வி.டி. என்றால் 'எஸ்' அல்லது 'எல்'. பெட்ரோல் எஞ்சின் 2,500 முதல் 3,500 ஆர்.பி.எம்.மில் சத்தமாக ஓடட்டும், அது எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. ஆயில் பம்பும் வாட்டர் பம்பும் அப்போதுதான் வேகமாகச் சுற்றிச் சூட்டை எடுத்துப்போகும்.

முன்னால் அரசுப் பேருந்து வளைவில் திணறிக்கொண்டிருந்தால் அதன் முதுகில் ஒட்டாதீர்கள். வளைவுக்குக் கீழே கொஞ்சம் சமமான இடத்தில் பிரேக் மிதித்து நின்று, பேருந்து வளைவைத் தாண்டியதும் ஒரே இழுப்பில் ஏறுங்கள். உலர் டூயல் கிளட்ச் வைத்திருப்பவர்கள் கொல்லிமலையில் இதைச் செய்யாவிட்டால் பாதி மலையிலேயே காரை ஓரம் கட்ட வேண்டியிருக்கும்.

இறங்கும்போது என்-ல் போட்டு உருட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எரிபொருள் மிச்சம் என்பது தவறான கணக்கு. கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்திவிடும். என்-ல் ஐடிலிங்குக்காக எரித்துக்கொண்டே வரும். பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும் ஆபத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 7: எச்சரிக்கை விளக்கு எரிந்தால்

கியர் சக்கரத்துக்குள் தெர்மாமீட்டர் படம், அல்லது 'ஏ.டி. ஆயில் டெம்ப்' என்ற எழுத்து, அல்லது திரையில் செய்தி. ஹூண்டாய், கியாவின் டி.சி.டி.யில் 'டிரான்ஸ் ஹாட்! பார்க் வித் எஞ்சின் ஆன்' என்று வரும். வீடு பக்கம்தான், போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள்.

ஓரமாக, முடிந்தால் சமதளத்தில் நிறுத்தி 'பி'-யில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். ஆயில் பம்பைச் சுற்றுவது எஞ்சின்தான். அணைத்தால் சூடான ஆயில் கூலருக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிடும். ஏ.சி.யை அணையுங்கள். கூலன்ட் வழியாக ஆறும் கியர்பாக்ஸ் என்றால் ஹீட்டரை முழுதாகத் திருப்பி, ஜன்னலைத் திறந்து விடலாம். வியர்த்துக் கொட்டும், ஆனால் கொஞ்சம் சூடு அந்த வழியாகவும் போகும். உலர் கிளட்சுக்கு இதனால் பயனில்லை. பத்து, இருபது நிமிடம் ஆனாலும் விளக்கு அணையும்வரை காத்திருங்கள்.

எஞ்சினை அணைத்தே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. கூலன்ட் முள்ளும் சிவப்புக்குப் போய்விட்டது, பானெட்டில் இருந்து ஆவி வருகிறது, அல்லது ஃபேன் சுற்றவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். இரண்டில் எந்த நிலையிலும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிக்கும் பெட்டியின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உதவிக்கு வருபவர்கள் குடத்தோடுதான் வருவார்கள். நன்றி சொல்லி முகம் கழுவிக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைந்த பிறகும் டி-யில் போட்டால் கார் நகரவில்லை, எஞ்சின் மட்டும் இரைகிறது என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து முயற்சி செய்யாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸின் உள்ளே ஆயில் ஓடாது. பழுதில்லாத பாகங்களும் சேர்ந்து தேயும். நான்கு சக்கரமும் தரையில் படாத ஃப்ளாட்பெட் வண்டி வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் அல்லது ரோட்சைட் அசிஸ்டன்ஸ் எண்ணில் அழுத்திச் சொல்லுங்கள்.

படி 8: சூட்டை அளப்பதும் கூடுதல் கூலரும்

காரின் கம்ப்யூட்டரில் உள்ள தகவல்களைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவி சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகி மொபைலில் பார்க்கலாம். எஞ்சின் சூடு எல்லாக் காரிலும் தெரியும். கியர்பாக்ஸ் சூடு தெரிய, அந்த மாடலுக்கான தனிக் குறியீட்டை ஆப்பில் சேர்க்க வேண்டியிருக்கும். 95 வரை நிம்மதி. 105-ல் நீண்ட நேரம் நின்றால் ஓட்டும் முறையை மாற்றுங்கள். 120 தொட்டால் ஓரம் கட்டுங்கள். இவை டார்க் கன்வெர்ட்டருக்கும் சி.வி.டி.க்கும்தான், உலர் கிளட்சின் கணக்கு வேறு.

கூடுதல் ஆயில் கூலர் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏ.எம்.டி.க்கும் உலர் டூயல் கிளட்சுக்கும் அது வீண் செலவு. சாதாரணமாக ஓட்டும் குடும்பக் காருக்கும் தேவையில்லை. மலை ஊரில் தினமும் முழு பாரத்தோடு ஓடும் இன்னோவா போன்ற டாக்ஸிக்கு, வாரன்ட்டி முடிந்த பிறகு, யோசிக்கலாம். அப்போதும் ரேடியேட்டரில் உள்ள கூலரை நீக்காமல், அதிலிருந்து வெளியே வரும் குழாயில் இதைத் தொடராக இணைக்க வேண்டும். கூலரைக் கண்டென்சரின் மேல் பிளாஸ்டிக் டை குத்திக் கட்டாமல், தனிக் கிளாம்ப் அடித்து நிறுத்தச் சொல்லுங்கள். டையில் கட்டினால் அதிர்வில் கண்டென்சரை உரசி ஏ.சி. கேஸ் போய்விடும். பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் எதுவும் ஆகாது, கியர் ஆயிலின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். கூலர் போட்டால் உள்ளே கொள்ளும் ஆயிலின் அளவும் கூடும், அதைச் சேர்த்து மறுபடி லெவல் பார்த்த பிறகே காரை எடுங்கள்.

ஒரு தடவை ஓவர்ஹீட் எச்சரிக்கை வந்த கார் அப்புறம் நன்றாகவே ஓடினாலும், அந்த வாரமே ஒர்க்‌ஷாப்பில் காட்டி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஸ்கேனரில் பதிவான பிழைக் குறியீடு என்ன, ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா, ஆயிலில் கருகிய வாடை இருக்கிறதா. அந்தக் குறியீட்டை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாரன்ட்டி கிளெய்ம் என்று வந்தால், சிக்கல் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.